ஊரடங்கில் டெலிவரி வேலை: கூலி கிடைக்காத காத்திருப்பு

புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "கொரோனா ஊரடங்கில் ஊரே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தபோது, உணவு டெலிவரி செய்தவர்களுக்குத்தான் நல்ல வருமானம் வந்தது என்கிறார்கள். அது உண்மைதானா? என் தம்பி இப்போது அந்த வேலையில் சேரப்போகிறான். மறுபடியும் அப்படி ஒரு காலம் வந்தால் அவன் எதைக் கவனிக்க வேண்டும்?" 2020, 2021 இரண்டு அலைகளிலும் ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர் பக்கங்களில் வண்டி ஓட்டியவன் நான். அதன்பிறகு சக ஓட்டுநர்களுக்கு நலவாரியப் பதிவு முதலான காரியங்களில் உதவி வருகிறேன். அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

சிலருக்குச் சில வாரங்கள் நல்ல வருமானம் கிடைத்தது உண்மை, பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை. ஆர்டர்கள் குறைந்தது ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், இந்த வேலையில் கூலி என்பது பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு மட்டுமே கணக்கிடப்படுகிறது என்பது. ஒவ்வொரு ஆர்டருக்கும் ஓர் அடிப்படைத் தொகை, தூரத்துக்கு ஏற்பக் கொஞ்சம், ஒரு நாளில் இத்தனை ஆர்டர் அல்லது இத்தனை மணி நேரம் செயலியில் லாகினில் இருந்தால் இன்சென்டிவ் எனும் ஊக்கத்தொகை என்பதுதான் பொதுவான அமைப்பு. காத்துக் கிடப்பதற்குப் பெயரளவில் ஏதாவது சேரும், அல்லது அதுவும் சேராது. பெருந்தொற்று வந்து செய்த முதல் வேலை அந்தக் காத்திருப்பைப் பல மடங்காக்கியதுதான். நோய் தொற்றுவதற்கு அதிக வாய்ப்பு இருந்ததும் காத்திருந்த அந்த இடங்களில்தான். வருமானத்தையும் உடல்நலத்தையும் தனித்தனியாகப் பேசினால் அந்தக் காலத்து டெலிவரி வேலை புரியாது என்பது என் கருத்து.

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தது. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. முதல் சில நாட்கள் உணவுச் செயலிகளுக்கே இங்கே அனுமதி இல்லை. பிறகு மாநில அரசு, காலை 7 முதல் 9.30 வரை, நண்பகல் 12 முதல் 2.30 வரை, மாலை 6 முதல் இரவு 9 வரை என மூன்று வேளைகளுக்கு மட்டும் அனுமதி அளித்தது. கூட்டிப் பார்த்தால் எட்டு மணி நேரம். ஆனால் அந்த எட்டு மணி நேரம், காலை ஏழிலிருந்து இரவு ஒன்பது வரையிலான பதினான்கு மணி நேரத்துக்குள் சிதறிக் கிடந்தது. நடுவில் இரண்டரை மணி நேரமும் மூன்றரை மணி நேரமும் வெறுமனே போகும். திருவொற்றியூரிலிருந்தோ மணலியிலிருந்தோ வண்ணாரப்பேட்டைப் பக்கம் வந்து ஓட்டியவருக்கு, வீட்டுக்குப் போய்வரப் பெட்ரோல் செலவு, போகும் வழியில் போலீஸ்காரர்கள் தடுப்பில் நிறுத்தி, "ஆர்டர் இல்லாம எங்கப்பா போற?" என்று கேட்பார்கள். போகாமல் இருந்தால் உட்கார இடமில்லை. டீக்கடைகள் 2020 மே 11 வரை திறக்கவில்லை. திறந்தபோதும் பார்சல் மட்டும்தான். மின்ட் மேம்பாலத்து அடியில் வண்டியின் மேலேயே பையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்திருந்து, ரோந்து வண்டி வந்தால் எழுந்து நகர்ந்து, அது போனதும் திரும்பி வந்தவர்கள் எத்தனையோ பேர். குடிதண்ணீர், கழிப்பறை ஆகிய இரண்டுக்கும் நாங்கள் அதுவரை நம்பியிருந்தது ஓட்டல்களையும் டீக்கடைகளையும்தான் என்பது அவை மூடிய பிறகே பலருக்கு உறைத்தது.

2021 மே மாத ஊரடங்கில் இந்த நேரங்கள் காலை 6 முதல் 10, நண்பகல் 12 முதல் 3, மாலை 6 முதல் 9 என்று கொஞ்சம் நீண்டன. நாளின் அமைப்பு மாறவில்லை. பத்து மணி நேர வேலைக்குப் பதினைந்து மணி நேரம் தெருவில் இருக்க வேண்டும்.

அனுமதிக்கப்பட்ட நேரத்துக்குள்ளும் பெரும்பகுதி ஓட்டல் வாசலில் கரைந்தது. சிறிய மெஸ்களும் பிரியாணிக் கடைகளும் மூடிக்கிடந்தன. வடமாநிலங்களிலிருந்து வந்திருந்த சமையல் ஆட்களும் பரிமாறுபவர்களும் 2020 மே மாதம் தொழிலாளர் சிறப்பு ரயில்களில் ஊர் திரும்பிவிட்டார்கள். ஆகவே திறந்திருந்த சில ஓட்டல்களில், பாதி ஆட்களை வைத்துக்கொண்டு, அந்தப் பகுதியின் ஆர்டர்கள் அனைத்தையும் சமாளிக்க வேண்டியிருந்தது. பழைய வண்ணாரப்பேட்டையில் நான் அடிக்கடி எடுக்கும் ஓர் ஓட்டலில் ஷட்டரைப் பாதி இறக்கி, குறுக்கே ஒரு மேசையைப் போட்டிருப்பார்கள். வாசலில் சுண்ணாம்பால் போட்ட வட்டங்கள் முதல் வாரத்திலேயே தேய்ந்து போயின. பனிரெண்டரை மணிக்கு அந்த மேசைக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர், ஒருவர் தோளுக்கு மேலே இன்னொருவர் போனை நீட்டி ஆர்டர் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைக் கத்திக்கொண்டிருப்போம். உள்ளே இருப்பவருக்குக் கேட்கவில்லை என்றால் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக் கத்துவோம். இருபது நிமிடம், சில நாட்களில் முக்கால் மணி நேரம் அப்படிப் போகும். நண்பகல் வேளையே இரண்டரை மணி நேரம்தான் என்றால், அதில் எத்தனை ஆர்டர் முடிக்க முடியும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த நாட்களில் எல்லோருடைய அச்சமும் பொட்டலத்தின் மேல்தான் இருந்தது. ஆய்வகச் சூழலில் இந்த வைரஸ் அட்டையில் ஒரு நாள் வரையும் பிளாஸ்டிக்கில் மூன்று நாள் வரையும் இருக்கக்கூடும் என்ற ஆய்வு 2020 மார்ச்சில் வெளியாகி, செய்திகளில் திரும்பத் திரும்ப வந்தது. ஏப்ரலில் டெல்லி மாளவியா நகரில் ஒரு பீட்சா டெலிவரி ஊழியருக்குத் தொற்று உறுதியாகி, 72 குடும்பங்கள் தனிமைப்படுத்தப்பட்டபோது, பையைத் தோளில் மாட்டிய எவரையும் நோயைச் சுமந்து வருபவராகவே பார்க்கத் தொடங்கினார்கள். கவரின் மேல் சானிடைசர் தெளிப்பதும், கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொல்வதும் வழக்கமாயின. உணவுப் பொட்டலத்தின் வழியாக நோய் பரவுவதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொன்னது. காற்றில், அதுவும் நெருக்கமாக நின்று பேசும் இடங்களிலும் காற்றோட்டமில்லாத அறைகளிலும் பரவுவதே முக்கியம் என்பது பின்னர் தெளிவாகிவிட்டது. ஆக, வாடிக்கையாளர் வாசலில் நாங்கள் நின்ற அரை நிமிடம் ஒருவருக்கும் பெரிய ஆபத்தில்லை. பாதி இறக்கிய ஷட்டருக்கு முன்னால் நின்ற அரை மணி நேரம்தான் ஆபத்து. கைபடாமல் கொடுக்கும் முறைக்கு அத்தனை விளம்பரம் செய்த நிறுவனங்கள், ஓட்டல் வாசலில் ஆர்டர் தயாரான பிறகு மட்டும் ஆளைக் கூப்பிடும் முறையில் அதில் பாதி அக்கறை காட்டியிருந்தால் எங்கள் கூலியும் கூடியிருக்கும், நோயும் குறைந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அடுத்து வடசென்னைக்கே உரிய சிக்கல். 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை மாநகராட்சி மண்டலங்களில் தொற்று எண்ணிக்கையில் ராயபுரம்தான் பெரும்பாலும் முதலிடத்தில் இருந்தது, தண்டையார்பேட்டையும் திரு.வி.க. நகரும் பின்தொடர்ந்தன. குறுகிய தெருக்கள், ஒரே முற்றத்தைச் சுற்றி நான்கைந்து குடித்தனம், பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை என்று வாழும் இடத்தில் இடைவெளி விட்டு நில் என்றால் எங்கே போய் நிற்பது? ஒரு தெருவில் தொற்று வந்தால் இரு முனையிலும் சவுக்குக் கட்டை நட்டுத் தகரம் அடித்துவிடுவார்கள். இது செயலியின் வரைபடத்துக்குத் தெரியாது. மின்ட்டிலிருந்து காசிமேட்டுக்கு அது காட்டும் குறுக்கு வழிக்குத்தான் கூலி. தகரத்துக்குத் தகரம் முட்டித் திரும்பி, ராஜாஜி சாலைப் பக்கம் போய்ச் சுற்றி வந்த தூரம் நம்முடைய பெட்ரோலில் போகும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் எப்போதும் உள்ள தொல்லை. விம்கோ நகர் வரையிலான மெட்ரோ 2021 பிப்ரவரி 14 அன்றுதான் திறக்கப்பட்டது என்பதால், முதல் அலையின்போது திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் அந்த வேலையும் முடிந்திருக்கவில்லை. எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல வரிசை கட்டி நின்றன. துறைமுகத்துக்கு ஊரடங்கு இல்லையே.

பழைய எண், புதிய எண் குழப்பம் சென்னை முழுக்க உண்டு. இங்கே அதோடு தோட்டம், சந்து, பிளாக் எல்லாம் சேரும். சாதாரண நாளில் தெருமுனைக் கடையிலோ ஐஸ்திரிப் பெட்டிக்காரரிடமோ கேட்டால் பெயரைச் சொன்னதும் வீட்டைக் காட்டிவிடுவார்கள். ஊரடங்கில் கேட்பதற்கு ஒருவரும் தெருவில் இல்லை. தகரத்துக்கு வெளியே நின்று போன் செய்து, அவர் உள்ளிருந்து நடந்து வரும் வரை காத்திருந்து, தகரத்துக்கு மேலே கையை நீட்டிக் கொடுத்துவிட்டு வருவதுதான் வழக்கமாக இருந்தது.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் ஓர் அம்மாவை மறக்க முடியாது. மூன்றாவது மாடியிலிருந்து நைலான் கயிற்றில் ஒயர் கூடையை இறக்குவார். கூடைக்குள் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய சரியான சில்லறை, பக்கத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்த வேப்பிலைக் கொத்து. சாப்பாட்டை வைத்துக் கயிற்றை ஒருமுறை ஆட்டினால் மேலே இழுத்துக்கொள்வார். இழுத்து முடித்த பிறகு, "கண்ணு, தண்ணி வேணுமா?" என்று கேட்டு, அதே கூடையில் ஒரு பாட்டிலை இறக்குவார். அந்த மாதங்களில் கைபடாத டெலிவரியை முழுதாகச் செய்தவர் என்றால் அவரைத்தான் சொல்வேன்.

பெரம்பூர்ப் பக்கத்துப் புதிய அடுக்குமாடிகளில் நிலைமை வேறு. கேட்டில் பதிவேடு, நெற்றியில் வெப்பமானி, வண்டியை வெளியே நிறுத்து, லிப்டில் ஏறாதே என்று வரிசையாக வரும். சில இடங்களில் வாட்ச்மேன் மேசையிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அது எங்களுக்கு நல்லது. வேறு சில இடங்களில், லிப்டும் கூடாது, வாசல் வரை கொண்டுவரவும் வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். ஏழாவது மாடிக்கு ஏறி இறங்கும் நேரத்துக்கு எந்தச் செயலியும் காசு கொடுக்கவில்லை. வாட்ச்மேனைக் குறை சொல்ல மாட்டேன். அவரும் எங்களைப் போல ஒப்பந்தத்தில் நிற்கும் ஆள்தான், குடியிருப்போர் சங்கம் எழுதி ஒட்டிய தாளைத்தான் காட்டினார்.

இனி வருமானக் கணக்கு. முதல் அலையின் தொடக்கத்தில் ஓட்டுநர்கள் குறைவு. ஊருக்குப் போனவர்கள் போக, பயந்து வீட்டில் இருந்தவர்கள் இருக்க, துணிந்து வண்டியை எடுத்தவர்களுக்குச் சில வாரங்கள் நன்றாகவே ஓடியது. "கொரோனாவில் சம்பாதித்தார்கள்" என்ற பேச்சுக்கு வேர் அதுதான். அது நீடிக்கவில்லை. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் வேலை பார்த்தவர்கள், கால் டாக்ஸி ஓட்டியவர்கள், தொழிற்சாலைகளில் ஒப்பந்த வேலை போனவர்கள், படிப்பு முடித்து வேலை கிடைக்காத பிள்ளைகள் என்று வேலை இழந்தவர்களுக்கு உடனே திறந்திருந்த ஒரே கதவு இதுவாக இருந்தது. சில மாதங்களில் ஆர்டரைவிட ஆட்கள் அதிகமாகிவிட்டார்கள். ஆள் அதிகமானால் ரேட் கார்டு, அதாவது ஓர் ஆர்டருக்கு இவ்வளவு என்ற கூலி விகிதம், இறங்கும். 2020 ஆகஸ்டில் சென்னையில், ஓர் ஆர்டருக்கான அடிப்படைத் தொகை 35 ரூபாயிலிருந்து 15 ரூபாயாகக் குறைக்கப்பட்டதாகச் சொல்லி ஒரு பெரிய நிறுவனத்தின் டெலிவரி ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தது செய்தித்தாள்களிலேயே வந்தது. அதே காலத்தில் செலவு ஏறிக்கொண்டே போனது. 2020 மார்ச்சில் சென்னையில் லிட்டர் 72 ரூபாய் அளவில் இருந்த பெட்ரோல், 2021 ஜூலை தொடக்கத்தில் 100 ரூபாயைத் தாண்டியது. வண்டிக் கடன் வைத்திருந்தவர்களுக்கு ரிசர்வ் வங்கி 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்க வழி செய்தது. வட்டி ஓடிக்கொண்டே இருக்கும் என்பதைப் படித்துப் பார்க்காமல் எடுத்துக்கொண்டவர்களுக்குக் கடைசியில் தவணைகள் கூடின.

உடல்நிலை விஷயத்தில் ஒரு முடிச்சை அவிழ்க்காமல் விட்டால் இந்தப் பதில் முழுமையாகாது. தொற்று உறுதியானால் உதவித்தொகை, காப்பீடு என்று நிறுவனங்கள் அறிவித்தது உண்மை. அதற்குப் பாசிட்டிவ் அறிக்கை வேண்டும். ஆனால் பெருவாரியானவர்களுக்கு வந்த இழப்பு வேறு வகையானது: வீட்டில் ஒருவருக்குத் தொற்று, அதனால் குடும்பம் முழுக்கத் தனிமை, வாசலில் ஸ்டிக்கர், பதினான்கு நாள் லாகின் இல்லை. வண்டி ஓட்டியவருக்கு அறிக்கை நெகட்டிவ், ஆகவே உதவியும் இல்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, மாநகராட்சி தெருவுக்குத் தெரு நடத்திய காய்ச்சல் முகாம்களுக்குப் போவதையே சிலர் தவிர்த்தார்கள். அது தவறுதான். ஆனால் அந்தத் தவறை நோக்கி அவர்களைத் தள்ளியது, ஓய்வு எடுத்தால் ஒரு ரூபாய் கிடையாது என்ற ஏற்பாடு. மாதச் சம்பளமும் ஈ.எஸ்.ஐ.யும் உள்ள தொழிலாளிக்குக் காய்ச்சல் வந்தால் விடுப்பு. நிறுவனங்களால் 'டெலிவரி பார்ட்னர்' என்று பெயர் சூட்டப்பட்டவருக்குக் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு இரவு ஷிப்ட்.

இரண்டாம் அலையில் பயம் வேறு மாதிரி இருந்தது. 2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. அந்த வாரங்களில் ஸ்டான்லி மருத்துவமனைப் பக்கம் ஓயாமல் ஆம்புலன்ஸ் சத்தம். நோயாளி தனியாக இருக்கும் வீடுகளுக்கு வெளியூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ பிள்ளைகள் ஆர்டர் போட்டு, "அப்பாவுக்கு இட்லி, மூன்று முறை பெல் அடித்தும் கதவைத் திறக்கவில்லை என்றால் தயவுசெய்து எனக்குப் போன் பண்ணுங்கள்" என்று குறிப்பு எழுதியிருப்பார்கள். அங்கே பொட்டலத்தை வைத்துவிட்டு உடனே கிளம்ப யாருக்கும் மனம் வராது. கதவு திறக்கும் சத்தம் கேட்டுவிட்டுப் போவோம். அதுவும் கூலியில் சேராத காத்திருப்புதான், அதைப் பற்றி யாரும் முணுமுணுத்து நான் பார்க்கவில்லை.

அதன்பிறகு சட்டத்தில் என்ன மாறியது என்பதையும் உங்கள் தம்பி தெரிந்துகொள்ள வேண்டும். கிக் தொழிலாளர் (நிரந்தர வேலை உறவு இல்லாமல் வேலைக்கு வேலை கூலி பெறுபவர்), தளத் தொழிலாளர் (செயலி வழியாக வேலை பெறுபவர்) என்ற பிரிவுகள் முதன்முதலாகச் சட்டத்தில் இடம்பெற்றதே மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில்தான். நிறுவனங்கள் தம் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை, தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்துக்கு மிகாமல், நலநிதிக்குத் தர வேண்டும் என்கிறது அது. நாடாளுமன்றத்தில் நிறைவேறியும் 2025 நவம்பர் 21 வரை அது நடைமுறைக்கு வரவில்லை. அமைப்புசாராத் தொழிலாளர்கள் பதிவு செய்துகொள்வதற்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் இணையதளம் 2021 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கியது. தமிழ்நாட்டில் கிக் தொழிலாளர்களுக்குத் தனி நலவாரியம் அமைக்கப்படும் என்று முதலமைச்சர் 2023 சுதந்திர தின உரையில் அறிவித்து, அந்த ஆண்டின் இறுதியில் வாரியமும் அமைந்தது. விபத்து, இயற்கை மரணம், பிள்ளைகள் கல்வி போன்றவற்றுக்கு உதவி உண்டு. சென்னையில் டெலிவரி ஊழியர்களுக்குக் குளிரூட்டப்பட்ட ஓய்வறைகளை மாநகராட்சி 2025இல் திறக்கத் தொடங்கியது, கே.கே. நகர், தியாகராய நகர், அண்ணா நகர் என்று ஆரம்பித்தார்கள். மின்ட் மேம்பாலத்து நிழலை நம்பியிருந்தவர்கள் அது வடக்கே எப்போது வரும் என்று கேட்பதில் தப்பில்லை. இவை எல்லாம் பயனுள்ளவையே. ஆனால் காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி என்பதை இவற்றில் எதுவும் தொடவில்லை.

ஆகவே தம்பிக்கு நான் சொல்வது இதுதான். சேரும் நாளிலேயே இ-ஷ்ரம் பதிவையும் நலவாரியப் பதிவையும் முடித்துவிடட்டும். இ-ஷ்ரமுக்கு ஆதாரும், அதோடு இணைந்த கைபேசி எண்ணும், வங்கிக் கணக்கும் போதும். எந்தக் கடையில் ஆர்டர் தயாராக எவ்வளவு நேரமாகும் என்பதைப் பழைய ஓட்டுநர்களிடம் கேட்டு வைத்துக்கொள்ளட்டும். தாமதமாகும் கடை வாசலில் கூட்டத்துக்குள் நிற்காமல் தள்ளி நிற்கட்டும், தொற்றுக் காலம் என்றால் முகக்கவசம் அங்கேதான் கட்டாயம் தேவை. ஒரு வாரத்து வருமானத்தைப் பார்க்கும்போது பெட்ரோல், டயர், ஆயில், போன் ரீசார்ஜ் எல்லாவற்றையும் கழித்து, வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பியது வரையிலான மணிக்கணக்கால் வகுத்துப் பார்க்கட்டும், செயலி காட்டும் லாகின் நேரத்தால் அல்ல. வாரக் கணக்கின் ஸ்கிரீன்ஷாட்டை ஒவ்வொரு ஞாயிறும் தன் போனில் தனியாகச் சேமித்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வைக்கட்டும். நிறுவனம் அவன் ஐடியை முடக்கிவிட்டால் செயலிக்குள் நுழைய முடியாது. இரண்டாம் அலையில் உதவித்தொகை கேட்டுப் போன எங்களில் சிலர், அந்த மாதங்களில் வேலை செய்ததைக் காட்ட ஒரு தாளும் இல்லாமல் திரும்பி வந்தார்கள்.